நூற்றியொரு கிராம்

தையல்காரிக்கு வேதியியல் படிக்கும் ஆசை வந்ததற்குக் காரணம், கடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடி. குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் கூடத்துக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்திருந்தது. தைத்து முடித்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொய். கண்ணாடியில் நின்ற அம்மாளை அவளுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அந்த அம்மாள் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கோட்டுகளைக் கொடுக்கப் போன இடத்திலேயே விசாரித்தாள். மாலை வகுப்பில் ஆரம்ப வேதியியல் படித்துத் தேறினால் போதும், உதவியாளர் வேலைக்கு மனுப் போடலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"நீ தனியாப் போய் என்னத்தப் புரிஞ்சுக்குவ?" என்றார் அவர். "நானும் சேந்துக்கறேன். சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல?"

அவரைச் சொந்தபந்தம் முழுக்க மேதாவி என்றுதான் கூப்பிடும். ஐந்து வயதில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்தாராம். அன்றைக்கு ஒரு பெரியப்பா வைத்த பெயர் அது. அதற்கப்புறம் அவர் எதையும் தலைகீழாக ஒப்பிக்கவில்லை, நேராகவும் ஒப்பிக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார், நன்றாகவே பார்த்தார். ஆனால் பெயர் என்பது ஒட்டினால் ஒட்டினதுதானே! வீட்டோடு இருந்த அவருடைய தங்கைக்கு அண்ணன் சொன்னால் வேதவாக்கு. அண்ணன் தும்மினாலும் அதில் ஒரு விஷயம் இருக்கும் என்று நினைக்கிற பெண்.

மேதாவிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறப் பேண்ட் இன்றைக்கும் அவருக்குச் சரியாக இருந்தது. விசேஷ நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் இரண்டு விரலை விட்டுக் காட்டுவார். "அன்னிக்கு இருந்த உடம்பு. ஒரு சுத்து கூடல." அவர் சொல்லும்போது தையல்காரி எப்போதும் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

வகுப்பு நடந்தது. வீட்டுப்பாடக் கணக்கு வந்தது. சாயங்காலம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, தையல்காரி தாளை விரித்து உட்காருவாள். முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு ஒருநாள் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் எடை. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் என்னென்ன இருக்கிறதோ, அந்தப் பக்கமும் அதெல்லாம் இருந்தாக வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அட, சட்டை வெட்டுகிற கணக்குத்தானே இது! வெட்டிப் போட்ட துண்டையெல்லாம் சேர்த்து வைத்தால் வாங்கின துணி வரவேண்டாமா? அதற்கப்புறம் அவளுக்குக் கணக்கு மளமளவென்று வந்தது.

ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே. எந்த அளவை எழுதினாலும் தையலுக்கென்று ஓர் அரை அங்குலம் சேர்த்து எழுதிப் பழகிய கை அது. மார்பு முப்பத்தெட்டு என்றால் அது காகிதத்தில் இறங்கும்போது முப்பத்தெட்டரை. இவள் நினைத்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். நாலு கிராம் ஹைட்ரஜனும் முப்பத்திரண்டு கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் எவ்வளவு தண்ணீர்? முப்பத்தாறு என்று மனசு சொல்லும். முப்பத்தாறரை என்று கை எழுதும்.

எழுதி முடித்ததும் மேதாவி கையை நீட்டுவார். "கொண்டா, சரி பாக்கறேன்." தாளை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். வெகுநேரம் சரி பார்ப்பார். திரும்பி வரும்போது அவருடைய தாளும் முடிந்திருக்கும், முத்து முத்தான கையெழுத்தில். "பரவால்ல, தேறிடுவ" என்று அவளுடையதைத் திருப்பிக் கொடுப்பார்.

"அண்ணன் மட்டும் இல்லைன்னா அண்ணி கதி என்ன ஆயிருக்கும்!" என்பாள் நாத்தனார்.

தையல்காரி பேசமாட்டாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்குப் பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

பாதிப் பாடம் முடிந்ததும் வாத்தியார் எல்லோருடைய வீட்டுப்பாடத்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது, இவர்கள் இரண்டு பேரையும் மட்டும் நிறுத்தினார். எப்போதும் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரிப் பேசுகிற, சிரித்து யாரும் பார்த்திராத மனிதர்.

"உங்க ரெண்டு பேர் விடையும் ஒண்ணா இருக்கு. சரியா இருந்து ஒண்ணா இருந்தா புருஷன் பொண்டாட்டி சேந்து படிச்சீங்கன்னு விட்ருவேன். எல்லாமே தப்பா ஒண்ணா இருக்கு. ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் பாத்து எழுதியிருக்கீங்க. பாத்து எழுதினவங்க வகுப்புல இருக்க முடியாது. நாளைக்குச் சீக்கிரம் வாங்க, யாருன்னு சொல்லுங்க."

அவர் அதைச் சொல்லும்போது தையல்காரியைத்தான் பார்த்தார். கண்ணாடியில் நின்ற அம்மாள் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மேதாவி நிறைய விளக்குக் கம்பங்களைத் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"இந்தா பாரு. நீயே பாத்து எழுதினேன்னு சொல்லிடு."

அவள் நின்றாள்.

"உனக்கென்ன, கையில தொழில் இருக்கு. கடை இருக்கு. எனக்குப் பேரைத் தவிர என்ன இருக்கு சொல்லு? என்னை வெளிய அனுப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா சொந்தக்காரன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அழுதுவிடுவார் போலிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அதன் பின்னாலேயே பாவமாகவும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எப்போதும் பாவம்தான் ஜெயிக்கும், அவள் வீட்டு வழக்கம் அது. "சரி" என்றாள். ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மேதாவி சாம்பல் நிறப் பேண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாத்தியாரின் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, அலமாரிக்கு மேல் உடைந்த தராசு ஒன்று. மேசையில் இரண்டு பேருடைய தாளும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்தன.

"இந்தக் கணக்கைப் பாருங்க" என்றார் வாத்தியார். "நூறு கிராம் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டா எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு, எவ்வளவு கரியமில வாயு? ஐம்பத்தாறரை, நாப்பத்துநாலரைன்னு ரெண்டு பேரும் எழுதியிருக்கீங்க. கூட்டினா நூத்தியொண்ணு. நூறு கிராம் கல்லை அடுப்புல வெச்சா நூத்தியொரு கிராமா வெளிய வருதே, எனக்கும் அந்த அடுப்பு எங்க கிடைக்கும்னு சொல்லுங்க. இருபது வருஷமாத் தேடறேன்."

மேதாவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லா விடையிலயும் ஒரு அரை கூட இருக்கு. அந்த அரை எங்கேருந்து வந்தது?"

இப்போது தையல்காரி, 'நான் இவரைப் பார்த்து எழுதினேன் சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அவளுக்கு முன்னால் மேதாவி முந்திக்கொண்டார்.

"அது வெப்பத்துனால சார். சுடறோம் இல்லையா? எந்தப் பொருளும் சூட்டுல விரியும். அதுக்காக ஒரு அரை சேத்துக்கறது. இவளுக்கு இதெல்லாம் தெரியாது, நான் போட்டதை அப்படியே எழுதிட்டா."

தையல்காரி தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். வகுப்பை விட்டுப் போகத் தயாராகத்தான் வந்திருந்தாள். பழியைத் தூக்கிச் சுமக்கவும் தயார். ஆனால், ஊசி பிடித்த நாளிலிருந்து விட்டுவருகிற அந்த அரையைப் போய் ஒரு மனிதன் வெப்பம் என்கிறானே! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காது சுட்டது.

"வெப்பமா?" என்றாள். "எங்கங்க வெப்பம்? சூட்டுல எடை எப்படிங்க கூடும்? தண்ணிக் கணக்குலயும்தான் அரை இருக்கு, அங்க யாரு அடுப்பு மூட்டினது? சார், அது தையலுக்கு விடுற துணி."

"என்னம்மா?"

"தையலுக்கு விடுற துணி சார். அளவு எதுவா இருந்தாலும் அரை கூட வெச்சுத்தான் எழுதுவோம். கணக்கா வெட்டிட்டா தைக்கறதுல போயிடும், நாளைக்குப் பிரிச்சு விடவும் முடியாது. எனக்குக் கை பழகிப்போச்சு. தப்புதான். ஆனா அது என் தப்பு சார். இவருக்கு அந்தத் தப்பு பண்ணத் தெரியாது."

வாத்தியார் பேனாவை எடுத்தார். அவளுடைய தாளில் முதல் விடையிலிருந்து அரையைக் கழித்தார். பிறகு அடுத்தது. தாளைத் திருப்பி, கடைசிவரை கழித்துக்கொண்டே போனார். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றீங்கன்னும் வெச்சுக்கலாமே. எல்லாரும் இப்படியா துணி விடறாங்க?"

"நம்பலைன்னா இவர் போட்டிருக்கிற பேண்டைப் பாருங்க" என்றாள் தையல்காரி. ஆரம்பித்துவிட்டாளே, இனி எங்கே நிற்பது! "கல்யாணத்துக்கு நான்தான் தெச்சேன். மூணு தடவை பிரிச்சு விட்டிருக்கேன். இவர் தூங்கினப்புறம் விடுவேன். இவருக்குத் தெரியாது."

மேதாவி மெல்லக் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். பின்பக்கத் தையலைக் கையால் தடவினார். பழைய தையல் இருந்த தடம் விரலில் தட்டியது, ஒன்று, அதற்கு உள்ளே இன்னொன்று. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் நியாயஸ்தர். இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இருபத்துநாலு கிராம் மெக்னீசியத்தை எரித்தால் எவ்வளவு சாம்பல் வரும்? மேதாவி கேள்வியை முத்து முத்தாக எழுதினார். அதற்குக் கீழே 'தீர்வு' என்று எழுதி, அடிக்கோடு போட்டார். அடிக்கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். அதோடு நின்றுவிட்டது.

தையல்காரி நாற்பது என்று எழுதினாள். கை அரை சேர்க்கத் துடித்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தாளை நீட்டினாள்.

வாத்தியார் இரண்டையும் பார்த்துவிட்டு, "நீங்க வகுப்புக்குப் போங்கம்மா" என்றார். மேதாவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவரே எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, மேதாவி மேசையில் உட்கார்ந்திருந்தார். பேண்டை மாற்றியிருக்கவில்லை. எதிரில் நாத்தனார், முகமெல்லாம் கேள்வி.

"என்ன ஆச்சு அண்ணி? அண்ணன் வந்ததுலேருந்து வாயே திறக்கல. உங்களை வகுப்பை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

தையல்காரி பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தாள். இன்றைக்கு அவருக்காகப் பேசுவதில்லை என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

"என்னைத் தூக்கிட்டாங்க" என்றார் மேதாவி. "உங்க அண்ணி போடுற கணக்கைப் பாத்துத்தான் நான் எழுதினேன்."

நாத்தனார் ஒரு நொடி விழித்தாள். பிறகு அவள் முகம் கனிந்தது. "பாத்தீங்களா அண்ணி! நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு. எங்க அண்ணன் மனசு யாருக்கு வரும்!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தப்பித்துக்கொள்ள மேதாவி ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, வழக்கம்போலச் சும்மா இருந்தால் போதும். தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது மட்டும் இந்த மனிதர் சும்மா இருந்துவிட்டால், இனி இவரை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"பழியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் மேதாவி. குரல் உயர்ந்தது. "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மெக்னீசியத்தை எரிச்சா என்ன வரும்னு சத்தியமாத் தெரியாது. இவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லு. பெரியப்பாவுக்கும் சொல்லு."

நாத்தனார் அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

"இந்தப் பேண்ட்ல இன்னும் துணி இருக்கா?" என்று கேட்டார் மேதாவி.

"இல்லங்க. இருந்ததெல்லாம் விட்டாச்சு."

"அப்படின்னா புதுசு தெச்சுக் குடு."

அவள் அளவு நாடாவை எடுத்து வந்தாள். அளவெடுக்கும்போதெல்லாம் அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது வழக்கம். அவளும் அதைத் தெரிந்துவைத்துக் கூட்டி எழுதுவாள். இன்றைக்கு நாடாவைச் சுற்றியதும் அவர் மூச்சை விட்டார். வயிறு தன் இடத்துக்கு வந்து நின்றது.

"எவ்வளவு?"

"நாப்பது" என்றாள். வீட்டுப்பாடத் தாளின் ஓரத்தில் நாற்பதரை என்று எழுதிக்கொண்டாள். துணி விஷயம் வேறு.