நாமா, நாங்களா

1

இந்தக் கதை எனக்கு ஃபோனில் வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது என் அக்கா மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு. பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கணிதம் படிக்கிற அளவுக்கு வளர்ந்தும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கேள்விதான்.

“சித்தி, இங்கிலீஷ்ல ‘வீ’ன்னா நாமளா, நாங்களா?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டும்னா எப்படி? ஒண்ணுல நீங்க இருக்கீங்க, இன்னொண்ணுல இல்லையே.”

கதை எழுதுகிறவளிடம் இப்படி வாயைக் கொடுத்துவிட்டு ஒருத்தி தப்பிக்க முடியுமா? வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: நூலக ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று பெய்துகொண்டிருந்தது. அவள் கண்களிலோ

(போதும். அன்றைக்கு மழையே இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில்.)

இரண்டாவது தொடக்கம்: வாண்டு தன் ஆய்வேட்டின் வரைவைத் திரும்ப வாங்கியபோது அதில் நான் என்று சொல்கிற ஆங்கில ‘ஐ’ ஒன்றுகூட உயிரோடு இல்லை.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

பள்ளி முழுக்கத் தமிழிலேயே கணக்குப் போட்டவள் அவள். ‘இது ஒரு புள்ளி என்க’ என்பதுபோல ‘என்க’ என்று முடிந்த வாக்கியமெல்லாம் ஆங்கிலத்தில் ‘லெட்’ என்று தொடங்கும் என்பது பழகவே ஒரு பருவம் ஆயிற்று. வாக்கியத்தின் வாலைப் பிடித்து இழுத்துவந்து தலையில் வைக்கிற வேலை அது. தட்டுத்தடுமாறி எழுதிக் கொடுத்த வரைவில், வழிகாட்டியான பேராசிரியை எல்லா ‘ஐ’யையும் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘வீ’ என்று போட்டிருந்தார்.

வாண்டுவுக்குச் சுருக்கென்றது. அவள் காதில் அது ‘நாங்கள்’ என்று விழுந்தது. அதாவது அவளும் மேடமும். தேற்றம் சின்னதுதான். ஆனாலும் தலையைப் பிய்த்துக்கொண்டு தனியாளாகக் கண்டுபிடித்தது. அதில் பங்குக்கு வருகிறாரோ? அடுத்த வாரம் துறைக் கருத்தரங்கில் இதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்று சொல்லிவிட்டால் பிறகு என்னுடையது என்று யாரிடம் போய் நிற்பது?

3

பேராசிரியையை முதலில் நான் வில்லியாகத்தான் எழுதினேன். மெல்லிய உதடு, உருட்டுகிற விழி, எல்லாம் தாராளமாகக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்திருந்த வாண்டுவிடம் வாசித்துக் காட்டினால் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“மேடம் இப்படி இல்ல சித்தி. டீ குடிச்ச கப்பை அவங்களே கழுவி வைப்பாங்க.”

“அப்புறம் எதுக்கு அவங்ககிட்ட கேக்க பயந்த?”

“பயம் இல்ல. கோபம்.”

ஆக வில்லி கை நழுவிப் போனார்.*

* இந்த இடத்தில் ஒரு காதலனை நுழைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வாண்டு முறைத்த முறைப்பில் பேனாவை மூடிவிட்டேன்.

4

கருத்தரங்கு அறையில் மின்விசிறி ஒன்று மட்டும் சுற்றியது. கரும்பலகையில் முந்தைய வகுப்பின் பாதிச் சமன்பாடு அழியாமல் கிடந்தது. என்ன ஆனாலும் ‘ஐ’ என்றுதான் சொல்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போயிருந்தாள் வாண்டு.

சொல்லவும் செய்தாள். முதல் இரண்டு வாக்கியமும் ‘ஐ’தான். மூன்றாவதில், மேடம் திருத்தி, அவள் மனப்பாடம் செய்த வரைவு நாக்கில் முந்திக்கொண்டது, ‘வீ’ வந்துவிட்டது. புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். “ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் வந்து சேரும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறோம்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, சாக்பீஸால் குத்தினாள்.

மூன்றாம் வரிசையில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஆய்வு மாணவர் ஒருவர் உண்டு. கருத்தரங்கு என்றால் தூங்குவதற்கென்றே வருகிறவர். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்படின்னா அதே மாதிரி இன்னொரு புள்ளியும் இருந்தாகணும்” என்றார்.

வாண்டு சொல்ல வாயெடுத்ததும் அதையேதான். இரண்டாவது புள்ளியை வைத்தாள். அதன் பிறகு ‘வீ’, ‘வீ’ என்று தானாக வந்துகொண்டே இருந்தது. அதில் கண்ணாடிக்காரர் இருந்தார், கடைசி வரிசையில் கொட்டாவி விட்டவர்கள்கூட இருந்தார்கள். நாங்கள் இல்லை, நாம். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை இன்னும் அழகாகச் சொல்ல முயன்று பார்த்தேன், சரிவரவில்லை, விட்டுவிட்டேன்.

முடிந்ததும் துறைத்தலைவர் பேராசிரியையிடம், “நல்லா இருக்கே, உங்க ஐடியாவா?” என்று கேட்டார்.

“எனக்கு இதுல பங்கே இல்ல சார். முழுக்க அவளோடது. நான் இங்கிலீஷ்தான் திருத்தினேன்.”

பலகையை அழித்துக்கொண்டிருந்த வாண்டு, அழித்த இடத்தையே இன்னும் கொஞ்ச நேரம் அழித்தாள்.

5

முடிவு ஒன்று: வாண்டு முதல் மதிப்பெண் வாங்கினாள். (மதிப்பெண்ணில் முடிகிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

முடிவு இரண்டு: மொழி என்பது வெறும்

(பிரசங்கம். வேண்டாம்.)

மூன்றாவது, நேற்று நடந்தது. மறுபடி ஃபோன்.

“சித்தி, நன்றி சொல்ற பக்கத்துல மட்டும் ‘ஐ’ எழுதலாமாம். மேடமே சொன்னாங்க.”

“நீ ஆசைப்பட்டதுதானே, எழுது.”

“எழுதினேன். பக்கத்துல குச்சி மாதிரி ஒத்தையா நிக்குது.”

“அப்ப ‘வீ’ன்னே போட்டுடு.”

“எங்கம்மாவுக்கு நன்றி சொல்ல ஊரையா கூட்டிட்டுப் போவேன்? நான்தானே சொல்லணும்.”

நாளைக் காலை பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். எழுதின ‘ஐ’யையும் அழித்துவிட்டாளாம், பக்கம் இன்னும் காலி. அவள் என்ன எழுதுவாள் என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் நான், நான் என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். முடிவை இனி நாம்தான் எழுத வேண்டும். முதல் வார்த்தையை நீங்கள் போடுங்கள்.