சிப்ஸ் வாங்கப் போன நேரம்

டெஸ் பார்ஜிட்டருக்குக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜையையும் டிரம்ஸ் ஆக்கிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு ரேடியோவில் தன் குழுவின் பாட்டு வந்தால் மட்டும் விரல் மரத்துப்போகும். பர்மிங்காமே முணுமுணுக்கிற பாட்டு, விற்பனையில் நாட்டிலேயே மூன்றாவது. அதில் டிரம்ஸ் அடித்தது அவன் இல்லை.

பதிவன்று தயாரிப்பாளர், "டெஸ், எல்லாருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கிட்டு வந்துடேன்" என்றார். கடையில் நீண்ட வரிசை. சுடச்சுடப் பொட்டலங்களோடு அவன் திரும்பியபோது, கூலிக்கு வந்த டிரம்மர் ஒருவர் வேலையை முடித்துக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் டெஸ்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை; சிப்ஸைப் பார்த்தார்கள். மனைவி டோரீனிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. மானம் போகிற விஷயத்தை எந்த வாயால் சொல்வது?

இப்போது தொலைக்காட்சி கூப்பிட்டிருந்தது. இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி ஒளிபரப்புக்குப் பாட்டைப் புதிதாக வாசித்துப் பதிய வேண்டும். சங்கத்து ஆள் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் குழுவின் மேனேஜர் அவரை பப்புக்குத் தள்ளிக்கொண்டு போவார். அவர் பீர் குடித்துத் திரும்புவதற்குள் புது ஒலிநாடாவின் இடத்தில் ரெக்கார்டின் பழைய நாடா வந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த தில்லுமுல்லு இது.

புதுப் பதிவில் டெஸ் உயிரைக் கொடுத்து அடித்தான். மேனேஜர் மாண்டி பப்புக்குக் கிளம்பத் தொப்பியை எடுத்தபோது முந்திக்கொண்டு, சங்கத்து ஆள் நார்மனைக் கழிப்பறை வாசலில் மடக்கினான்.

"சார், இன்னைக்கு பப்புக்குப் போகாதீங்க."

"ஏம்பா, என் தொண்டைமேல உனக்கென்ன கோவம்?"

"ரெக்கார்டுல அடிச்சது நான் இல்ல சார். ஒரே ஒரு தடவை டிவியில என் அடி கேக்கட்டும்."

நார்மன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல குடிங்கன்னுதான் எல்லாரும் கெஞ்சியிருக்காங்க. குடிக்காதீங்கன்னு கெஞ்சினவன் நீ ஒருத்தன்தான்."

நேராகப் போய் நாடாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கிளம்பலாமா நார்மன்?" என்றார் மாண்டி.

"டாக்டர் கூடாதுன்னுட்டார்."

மறுநாள் அந்த நாடாவுக்குக் கேமரா முன்னால் வாயசைத்தார்கள். வியாழன் மாலை ஒளிபரப்பு. டோரீன் தேநீரோடு சோபாவில் இருந்தாள். டெஸ்ஸுக்கு உட்காரவே முடியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தான். பாட்டு ஆரம்பித்தது. அவன் அடிதான், அவன் கையேதான். நெஞ்சு விம்மிவிட்டது.

டோரீன் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன டெஸ், இப்படித் தலைதெறிக்க ஓடுற? பாடுறவனுக்கு மூச்சு வாங்குது பாரு. ரெக்கார்டுல எவ்வளவு நிதானமா, அழகா அடிச்சிருந்த. தினமும் அதைக் கேட்டுக்கிட்டேதான் பாத்திரம் கழுவுறேன்."

அவன் நடை நின்றது.

"அது நான் இல்ல, டோரீன்."

"உங்க பாட்டுல நீ இல்லாம? அப்ப நீ எங்க போயிருந்த?"



"சிப்ஸ் வாங்க" என்றான்.