எச் இல்லாத பாஸ்கல்

மாலை ஐந்து மணிக்குள், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சான்றிதழை இணையத்தில் ஏற்றாவிட்டால் ஜிஸ்மியின் எம்.எஸ்சி. கணித இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். ஏலப்பாறை வில்லேஜ் ஆபீசில் அவளும் அப்பாவும் வரிசையில் நின்றபோது மணி இரண்டே கால்.

சிக்கல் ஓர் எழுத்தில். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பாவின் பெயர் பாஸ்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவள் பெயரோடு அது ஆங்கிலத்தில் சி-க்குப் பின் ஓர் எச் சேர்ந்து இருந்தது. டிகிரிச் சான்றிதழில் எச் இல்லை. கல்லூரியில் சேரும்போது படிவத்தை நிரப்பியது ஜிஸ்மிதான். கணக்குப் புத்தகத்தில் ஒரு முக்கோணத்துக்கும், இயற்பியலில் அழுத்தத்தின் அலகுக்கும் அந்தப் பெயர் இருந்தது. அங்கே எச் கிடையாது. வீட்டில்தான் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து எடுத்துவிட்டாள்.

ஜீப்பில் வரும்போதுதான் அப்பாவிடம் சொன்னாள். "ஆடு மேய்ச்ச புனிதரோட பேருளா அது. எச்சைத் துப்பிட்டியே," என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

கிளார்க் டின்டு இரண்டு சான்றிதழையும் பார்த்துவிட்டு, ஆள் வேறு என்றும் ஆகலாம், விசாரித்துத் திங்கட்கிழமை தருகிறோம் என்றார். ஜிஸ்மிக்குக் கண் நிறைந்தது. அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு நேரே வில்லேஜ் ஆபீசர் ஷைஜுவின் மேசைக்குப் போனார். ஷைஜு ரேஷன் கார்டையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். மனுவில் அப்பா தமிழில் போட்டிருந்த கையெழுத்தைக் காட்டி, இது எந்த பாஸ்கல், எச் உள்ளதா இல்லாததா என்று கேட்டார்.

"தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றார் அப்பா.

ஷைஜு ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிப் பார்த்தார். அதிலும் ஒன்றுதான். ரேஷன் கார்டில் இருந்த பெயரும் அதுவே. சிரித்துவிட்டு, எச் உள்ளதும் இல்லாததும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சான்றிதழ் போடச் சொன்னார்.

பக்கத்து அக்ஷயா இணையச் சேவை மையத்தில் நாலரைக்கு ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் இடம் உறுதியானதாகச் செய்தி வந்தது. ஜிஸ்மி நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா வீட்டுக்குப் போன் போட்டார். அம்மா பிலோமி முதலில் கேட்டது, சாப்பிட்டீர்களா என்றுதான். காலையிலிருந்து இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை.

கடையில் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அப்பா கேட்டார்: "அந்த எச் இல்லாத கணக்குக்காரரு யாரு? நம்ம சபைதானா?"

"நம்ம கத்தோலிக்க சபைதாம்ப்பா. பக்தியும் ஜாஸ்தியாம்."

"அப்ப பரவால்ல," என்று அவர் இன்னொரு புரோட்டா சொன்னார்.