உபரிக் கெண்டை

ஓய்வு பெற்ற பிறகு நான் பறக்கத் தொடங்கியிருந்தேன். சம்பந்தி அடித்த இறகுப்பந்தை எட்ட, ஆளுயரம் எம்பினேன். சரி, அரையடி. இடது கெண்டைக்காலில் யாரோ மட்டையால் ஓங்கிப் போட்டதுபோல் இருந்தது. கோபமாகத் திரும்பினேன். பின்னால் சுவர்தான் நின்றது.

காலை அமுக்கிக்கொண்டே கீழே வந்த டாக்டர், கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கம் நின்றுவிட்டார். எலுமிச்சை அளவு புடைப்பு. எப்போதிலிருந்து என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் தொப்பை வந்த நாளிலிருந்து கணுக்காலை நான் பார்த்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே. நேற்று பட்டாணி, இன்று எலுமிச்சை, இதே வேகத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசணி என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இவ்வளவு வேகமா வளருதுன்னா கட்டியான்னு பாக்கணும். எம்.ஆர்.ஐ. எடுங்க. அப்புறம் ஊசியால கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சிடலாம்."

என் வாயாலேயே கட்டியை வளர்த்துவிட்டேன். இயந்திரத்துக்குள் தடதடவென்ற சத்தத்தில் படுத்தபடி சொத்தைப் பிரித்தேன். என் மட்டை மட்டும் சம்பந்திக்குக் கிடையாது.

படம் பார்க்கும் டாக்டரம்மா என்னையும் மனைவியையும் உள்ளே அழைத்து, புடைப்பு எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"அவரைக் கேக்காதீங்க டாக்டர்," என்றாள் மனைவி. "கல்யாணத்துக்கு ஷூ வாங்கினப்பவே இருந்துச்சு. மாப்பிள்ளை கால்ல முட்டையை ஒளிச்சு வச்சிருக்கார்னு என் தங்கச்சி சிரிச்சா."

டாக்டரம்மா வலது காலையும் காட்டச் சொன்னார். அங்கேயும் ஒரு முட்டை.

"கட்டி இல்ல சார். திரையில பாருங்க, மத்த சதை மாதிரியேதான் இதுவும் தெரியுது. சிலருக்குப் பிறவியிலேயே கெண்டைச்சதைக்குக் கீழ கூடுதலா ஒரு தசை இருக்கும். ஊசி வேண்டாம். கிழிஞ்சது மேல இருக்கிற சாதாரண சதைதான்."

சாதாரணமா! அதுதான் வலித்தது. காலுக்கொரு கெண்டையை உபரியாக வளர்த்தவனுக்கு இதுவா மரியாதை?

வெளியே வந்து மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கூடுதல் தசை உங்க வாயிலதான் இருக்குன்னு இத்தனை நாளா நெனச்சேன்."

அப்போது சம்பந்தி அழைத்தார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கிவிட்டாள்.

"லேசான கிழிசல்தான் அண்ணா. வேற ஒண்ணுமில்ல."

"கெண்டையச் சொல்லு," என்று கிசுகிசுத்தேன். "கெண்டையச் சொல்லுடி."