மஞ்சள் கோட்டு

மஞ்சள் கோட்டாம். என் பொம்மைக்கு மஞ்சள் கோட்டு மாட்ட யாரைக் கேட்டாள் அவள்?

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் மனம் காலையிலிருந்து இதையேதான் அரைத்துக்கொண்டிருந்தது. 'அவள்' என்பது தங்கையின் நாத்தனார். கல்யாண ஆல்பத்தில் பார்த்த முகம், அவ்வளவுதான் பழக்கம்.

அக்காவும் தங்கையும் ஏழு வருஷம் சேர்ந்து ஆடிய வீடியோ கேம் அது. தங்கை முன்னால் ஓடுவாள். அக்காவின் பொம்மையான நீலக் கோட்டுப் பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். கடைசியில் வரும் கலங்கரை விளக்கத்தில் மட்டும் இருவரும் ஏறவில்லை. ஏறினால் ஆட்டம் முடிந்துவிடும் என்று வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தார்கள்.

வாங்கியது அக்காவின் கணக்கில். தங்கை கல்யாணமாகிப் போனபோது, "அங்க பொழுது போகணுமில்ல" என்று பாஸ்வேர்டைக் கொடுத்ததும் அக்காதான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திறந்தால் திரையில் ஒரே வரி: 'இந்தக் கணக்கு வேறு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது.' சொந்த வீட்டு வாசலில் செருப்போடு நிற்பதுபோல் இருக்கும். நேற்று எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டாள். நீலம் போய் மஞ்சள் நின்றது. அந்தப் பொம்மையை இப்போது ஆடுவது நாத்தனார்தான் என்று தங்கை முன்பே சொல்லியிருந்தாள்.

மதியம் தங்கை போன் செய்தாள்.

"சாப்டியாக்கா? அந்த கேமை இனிமே விக்கப் போறதில்லையாம். ஏற்கெனவே வாங்கினவங்க ஒரே ஒரு மெஷின்ல வச்சுக்கலாமாம். இன்னிக்குதான் கடைசி நாள். எங்க வீட்டு மெஷினைத்தான் பதிஞ்சிருக்கேன். உன் போனுக்கு ஆறு நம்பர் வரும், அதைப் போட்டாத்தான் இங்க பதிவாகும், சொல்லிடு."

எங்க வீடு. எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

"காசு குடுத்து வாங்கினதுதானே? ரெண்டு வீட்லயும் இருந்தா அவங்களுக்கு என்ன போச்சு?"

"வாங்கவே இல்லையாம்க்கா. ஆடறதுக்கு அனுமதிதான் குடுத்தாங்களாம். பொடி எழுத்துல போட்டிருக்கு."

"ஊருக்கெல்லாம் பொடி எழுத்து படிக்கக் கண்ணாடி செய்யறேன். நான் படிக்கல பாரு."

தங்கை சிரித்தாள். பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

"அந்தக் கோட்டு..." என்றாள் அக்கா.

"நான்தான் மாத்தினேங்க்கா," என்றது இன்னொரு குரல். "நீலம் இருட்டுல தெரியவே இல்ல."

தெரியாமல்தானே ஏழு வருஷம் தங்கையின் பின்னாலேயே நடந்தேன்.

"நீதான் இப்பல்லாம் ஆடறதே இல்லையே," என்றாள் தங்கை. "சாயங்காலம் நாங்க கலங்கரை விளக்கத்துல ஏறப் போறோம்."

கையில் போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். அக்கா அவற்றை ஒரு முறை படித்தாள். இந்த ஆட்டம் தனக்கும் சொந்தமில்லாத ஒன்று. நாளைக்கு விற்றவர்களே அதைப் பிடுங்கிக்கொண்டாலும் கேட்க நாதியில்லை. இதற்குப்போய் இப்படிப் பொசுங்குகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"சொல்லு, எழுதிக்கறேன்."

அக்கா அடுத்த லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்டி," என்றாள், குரலை உயர்த்தாமல்.