நெல்லுச்சோற்று மயக்கம்

பெருமுக்கல் சுப்பராயலு வீட்டில் கூழ் கரைக்காத நாள் கிடையாது. கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற மேட்டு நிலம் அவருடையது. மத்தியானம் ஒரு சொம்புக் கூழைக் குடித்துவிட்டு வெயிலில் இறங்கினால் பொழுது சாயும்வரை ஒரு கொட்டாவி வராது. ஆனால் அந்தக் கூழைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடிப்பார். யாராவது வந்துவிட்டால் சொம்பு அடுப்படிக்குள் போய்விடும். "சாப்பாடு?" என்று கேட்டால், "சோறு ஆச்சு" என்பார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மகள் கோவிந்தம்மாளைப் பெண் கேட்டுப் பனமலையிலிருந்து வந்தார்கள். ஏரி பாய்கிற ஊர். மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்கிற குடும்பம் என்று சுப்பராயலு தாமாகவே முடிவுகட்டினார். பையனைக் கோவிந்தம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த முறை வந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

அன்று காலை மனைவி தையல்நாயகி மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, ரெண்டு வாய் கூழ் குடிச்சிட்டு, சோத்தக் கொஞ்சமா துன்னுங்க. பொங்கலன்னிக்கு எப்பிடிக் கவுந்து படுத்தீங்க, மறந்துட்டீங்களா?"

"சம்பந்தக்காரங்க முன்னாடி கூழ் வாசனையோட நிக்கச் சொல்றியா? வாய மூடிக்கினு வடையச் சுடு."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தி இலையில் எத்தனை தரம் சோறு விழுகிறதோ, பக்கத்தில் உட்காரும் வீட்டுக்காரரும் அத்தனை தரம் வாங்கவேண்டும். கையை மறித்தால் வீட்டில் பஞ்சம் என்று அர்த்தம். பையனின் தகப்பனார் விருத்தாசலம் வாட்டசாட்டமான ஆள். சாம்பாருக்கு, காரக்குழம்புக்கு, ரசத்துக்கு என்று சோறு விழுந்துகொண்டே இருந்தது. நடுநடுவே வடை, பாயசம். அவர் போதும் என்பாரா என்று சுப்பராயலு ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் சுப்பராயலுவின் இமைகள் ஈயமாய்க் கனத்தன. பேச்செல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"பொண்ணக் குடுக்க உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?" என்றார் விருத்தாசலம்.

பதிலுக்குக் குறட்டை வந்தது.

தையல்நாயகி தோளை உலுக்கியதில் விழித்தார். விருத்தாசலத்தின் முகம் கறுத்திருந்தது.

"தூக்கமுங்களா? இல்ல, எங்க பேச்சு கேக்க லாயக்கில்லையா?"

ஒரு சொல் போதும். 'கூழ் குடிக்கிற உடம்புங்க, சோறு அமுக்கிடுச்சி' என்றால் சிரித்துவிட்டுத் தட்டை மாற்றியிருப்பார்கள். உள்ளே கதவோரம் கோவிந்தம்மாளின் வளையல் சத்தம் கேட்டது. சுப்பராயலு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சோத்துக்குத் தூங்கறவங்க இல்ல நாங்க. கண்ண மூடிக்கினு யோசன பண்ணினேன்."

"கொறட்ட வுட்டுக்கினா யோசிப்பாங்க?" என்றார் பையனின் மாமா.

"பொண்ணு குடுக்கறதுக்கே இம்மாம் யோசனையா? நல்லா யோசிங்க" என்று விருத்தாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். தட்டு அங்கேயே இருந்தது.

பெண் கேட்டால் தூங்கிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. கடைசியில் கோவிந்தம்மாள் விழுப்புரத்து மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

பல வருஷம் கழித்து ஒரு நாள், மகளைப் பார்க்கப் புறப்பட்டவர் திண்டிவனத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். புளியமரத்தடிக் கூழ்க்கடையில் ஒருவர் நின்றபடி, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தார். விருத்தாசலம்! முகத்தில் பழைய கோபம் இல்லை.

"வாங்க வாங்க. என்னா அப்பிடிப் பாக்கறீங்க? நெல்லு விக்கறதுக்கு, கேப்ப துன்றதுக்கு. எங்க வூட்ல எப்பவும் அப்பிடித்தான். மத்தியானம் சோறு துன்னா அப்புறம் எவன் வேல பாக்கறது?"

விருத்தாசலம் இன்னொரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க நிறுத்துவீங்கன்னு நானும் துன்னுக்கினே இருந்தேன். எங்க தூங்கிடப் போறேனோன்னுதான் ஜல்தியா சம்மதம் கேட்டேன். திரும்பிப் போறப்ப வண்டியிலயே சாய்ஞ்சிட்டேன். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. தூக்கம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அவர் இன்னொரு சொம்பு வாங்கி நீட்டினார். "குடிங்க."

காலையிலிருந்து பட்டினி. புளித்த கூழின் மணம் மூக்கில் ஏறியது. கை பாதி எழுந்தும்விட்டது.

"பழக்கமில்லீங்க." வாய் முந்திக்கொண்டது.

பஸ் புறப்பட்டது. வயிறு காலியாக இருந்தது. விழுப்புரம் வரை அவர் கண் மூடவில்லை.