மிதிக்க மறுத்த கால்

கல் விழுந்தபோது யாரும் கத்தவில்லை. மேலே சுற்றியிருந்த பாய்த்துணி கிழிந்து, உள்ளே இருந்தது தெரிந்த பிறகுதான் கத்தினார்கள்.

ஆள் உயரத்துக்கு ஓர் எலும்புக்கூடு. நின்றுகொண்டிருப்பதுபோல் செதுக்கியிருந்தார்கள். கல் மல்லாந்து கிடந்ததால் அது வானத்தைப் பார்த்துக் கிடந்தது. சுமை தூக்கியவர்கள் எல்லோரும் சுடுகாட்டில் எலும்பு பொறுக்கியவர்கள்தான். ஆனால் அவை சாம்பலுக்குள் கிடக்கும் துண்டுகள். அந்தத் துண்டுகள் சேர்ந்து எழுந்து நின்று அவர்கள் பார்த்ததில்லை.

கல்லைக் கட்டித் தூக்கிய தண்டுகளைப் போட்டுவிட்டு ஏரித் தண்ணீருக்குள் ஓடினார்கள். நாகப்பன் மட்டும் ஓடவில்லை. அவனால் முடியவில்லை. மண்டியிட்டு, இரண்டு கைகளையும் மணலில் ஊன்றியபடி கிடந்தான். தண்டு நழுவியது அவன் தோளிலிருந்துதான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

கஞ்சிப் பானையைக் கீழே வைத்துவிட்டு அவன் மனைவி அம்மணி ஓடி வந்தாள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்களின் கப்பல் வந்தால், பசியாவரம் கிராமத்து ஆண்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுமை இறக்கப் போவார்கள். போகும் நாள் காலையில் கரை மணலில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். அம்மணி அவர்கள் இடுப்பின்மேல் நடப்பாள். அவள் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்பது ஊர் அறிந்த விஷயம். தோணிரேவு கிராமத்திலிருந்துகூட ஆட்கள் படகில் வந்து மிதி வாங்கிப் போனார்கள்.

நாகப்பனுக்கு அது அடிக்கடி வரும் பிடிப்பு. பிடித்தால் மிதிப்பாள், மிதித்தால் விடும், சில நாள் கழித்து மறுபடி பிடிக்கும். அலை வந்து போவதுபோல அதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று காலையும் மிதித்தாள். கல் தூக்கும் நாள் என்பதால் வழக்கத்தைவிட அழுத்தியே மிதித்தாள். குதிகாலுக்கு அடியில் சொடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இருவருக்கும் சந்தோஷம்.

பக்கத்தில் படுத்திருந்த பூபதி சிரித்தான். "அண்ணி நம்மள மிதிக்கிறது ஒரு மாதிரி, நாகப்பனை மிதிக்கிறது வேற மாதிரி. ஊட்டு சண்டையையும் சேத்துத் தீக்குறாங்க."

இப்போது அந்த நாகப்பனைத் தாங்கிப் பிடித்தபடி அம்மணி உட்கார்ந்திருந்தாள். கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

"அங்க இன்னாமே பாக்குற? கண்ண மூடு," என்றான் அவன்.

"இடுப்புல ஒண்ணுமே இல்லய்யா."

"இன்னா?"

"மேல விலா கீது. கீழ இடுப்பெலும்பு கீது. நடுவுல ஒண்ணுமே இல்ல. இந்த ஒத்தத் தண்டுதான். அதுவும் துண்டு துண்டா அடுக்கி வெச்சாப்புல."

இடுப்பு என்பது பாய்மரம்போல ஒரே மரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுடைய கை தானாக முதுகுப் பக்கம் போனது. ஓர் எலும்பு முண்டு தட்டுப்பட்டது. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. கல்லில் கிடந்தது அவளுக்குள்ளும் நின்றுகொண்டிருந்தது.

"இதும் மேலயா ஏறி நின்னேன்?" என்றாள். அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் திரும்பி வந்தவர் மேஸ்திரி ஆதிகேசவன். கிழிந்த துணியை இழுத்துக் கல்லை மூடினார். "அவங்க செத்தவங்களப் பொதைக்கிற தோட்டத்து வாசல்ல நிக்க வெக்கிறதுக்காம். நம்மள ஒண்ணும் பண்ணாது," என்றார். கல்லைப் பார்க்காமலே சொன்னார். பிறகு நாகப்பனைப் பார்த்தார்.

"கல்லு ஒண்ணும் குதிக்கலடா. நீதான் உட்ட. இதுக்கு ஜோடிக் கல்லு கப்பல்லயே கீது. கடல் அடங்குனதும் எறங்கும். அன்னிக்கு நிமிந்து நில்லு. இல்லன்னா உன் எடத்துக்கு வேற ஆளு."

இரண்டாம் முறையும் சுமையைப் போட்டவனை யாரும் தண்டுக்குச் சேர்ப்பதில்லை. அவனோடு தூக்குபவர்களின் கால் நசுங்கும். இது நாகப்பனுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் குப்புறப் படுத்தான். "மிதி."

"மாட்டேன்."

"கோவமா?"

"பயமா கீது."

"பொறக்கிறப்பவே உங்கம்மாவுக்குக் காலத்தான காட்டுன? எனக்குக் காட்ட மாட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. அவன் கெஞ்சினான், திட்டினான், பிறகு அழுதுவிட்டான். எலும்புக்கூட்டைப் பார்த்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. இந்தக் கால் இல்லையென்றால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? அம்மணி மணலை வறுத்துத் துணியில் மூட்டை கட்டி அவன் இடுப்பில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

படுத்தே கிடந்தான். எழுந்திருப்பது நாளுக்கு நாள் கடினமானது. வலியைவிட எரிச்சல் அதிகமாகி ஒருநாள் எழுந்து கரையோரம் மெல்ல நடந்தான். நடந்துவிட்டு வந்தபோது படுத்திருந்ததைவிடப் பரவாயில்லை. மறுநாளும் நடந்தான்.

அன்று அவள் வாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டிக்கு நீளமான மீன். வழக்கம்போல் இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். மீன் கயிறுபோல வளைந்து கொடுத்தது. அப்படியே முறுக்கினாள். சொடக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். குதிகாலுக்கு அடியில் கேட்டது.

மீன் கையிலிருந்து நழுவியது. அதைச் சட்டியிலேயே விட்டாள். பிறகு ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"படகுலேருந்து மூட்டை எறக்குவ இல்ல, அது எப்பிடின்னு காட்டு."

"வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோடதான்."

அவன் மணலில் காலைப் புதைத்து நின்றான். இல்லாத மூட்டையைக் குனிந்து வாங்கினான். இடுப்பை முறுக்கிக் கரைப்பக்கம் வீசினான். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் வாங்கினான், அப்படித்தான் வீசினான்.

"அப்பிடியே நில்லு. காலு எங்க கீது பாரு. வயிறு எங்க பாக்குது பாரு."

கால் ஏரியைப் பார்த்திருந்தது. வயிறு கரையைப் பார்த்திருந்தது.

"மீன நான் இப்பிடித்தான்யா ஒடிக்கிறேன்," என்றாள்.

அவன் குனிந்து காலையும் வயிற்றையும் பார்த்தான். பிறகு, யாரோ தூங்குகிறார்கள் எழுப்பக் கூடாது என்பதுபோல, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துத் திரும்பினான்.

அதற்குப் பிறகு எதற்கும் அப்படித்தான் திரும்பினான். மண்பானையைக்கூட மண்டியிட்டு, வயிற்றோடு அணைத்துத் தூக்கினான். வலை உலர்த்தும்போது பூபதி பார்த்துவிட்டான். "பாருங்கடா, நாகப்பன் வலைக்குப் பிரதட்சணம் பண்றான்!" ஊர் சிரித்தது. வலி போய்விடவில்லை. வந்தது. ஆனால் வந்து அமுக்கிப் பிடிக்காமல் திரும்பிப் போனது.

கடல் அடங்கியது. இரண்டாவது கல் கரைக்கு வந்தது.

காலையில் ஆண்கள் வழக்கம்போல் மணலில் குப்புறப் படுத்தார்கள். சட்டைகள் ஏதுமற்ற முதுகுகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஓடும் பள்ளம் ஒவ்வொன்றிலும் தெரிந்தது. அம்மணி முதல் முதுகின் அருகில் போய் நின்றாள். கால் எழவில்லை.

"இன்னாம்மா, நேரமாவுது," என்றார் மேஸ்திரி.

"எழுந்திரிங்க. நான் மிதிக்கல."

யாரும் எழவில்லை. தவறாகக் காதில் விழுந்தது என்று நினைத்தவர்கள்போலக் கிடந்தார்கள்.

"கல்லு தூக்குற அன்னிக்கா சொல்லுவ?" மேஸ்திரியின் குரல் உயர்ந்தது. "சகுனம் இன்னாவுறது?"

"அன்னிக்கு மிதிச்சனே மேஸ்திரி. அழுத்தி மிதிச்சேன். கல்லு நின்னுச்சா?"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். வயிற்றில் ஒட்டிய மணலைத் தட்டக்கூட இல்லை. நடுக்கடலில் துடுப்பைப் பறிகொடுத்தவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகப்பன் போய்த் தண்டுக்குக் கீழே மண்டியிட்டான். தோள் கொடுத்தான். மற்றவர்களும் வந்தார்கள்.

கல் எழுந்தது. பாதை திரும்பும் இடத்தில் நாகப்பன் இடுப்பை முறுக்கவில்லை. சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பினான். தண்டு ஒன்றுதானே, பின்னால் வந்த பூபதியும் அப்படியே அடி வைக்க வேண்டியதாயிற்று. அவனுக்குப் பின்னால் வந்தவர்களும். கல் மெதுவாக, ஊர்வலம்போல, திரும்பிப் போனது.

தோட்டத்து வாசலில் இறக்கி வைத்தார்கள். துணிக்குள் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. நாகப்பன் கையை இடுப்பில் வைத்துக் காத்திருந்தான். வலி இருந்தது. நிமிரப் பார்த்தான். நிமிர முடிந்தது.

மேஸ்திரி அவன் அருகில் வந்தார். "நாளைக்கு மூட்டை எறக்கணும். வந்துடு," என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு பூபதி அம்மணியிடம் வந்தான். முகத்தில் கிண்டல் இல்லை.

"அண்ணி, ஒரே ஒரு தபா. லேசா. யாருக்கும் சொல்ல மாட்டேன். இடுப்பு பிடிச்சிக்கினு கீது."

"கையப் பின்னால கொண்டு போ. நடு முதுகத் தொட்டுப் பாரு."

சிரித்துக்கொண்டே கொண்டுபோனான். விரல் முதல் முண்டில் நின்றது. அடுத்ததற்கு இறங்கியது. அதற்கடுத்ததில் சிரிப்பு நின்றுபோனது.

பாய்த்துணி கிழிந்த அன்று இருந்த அதே முகத்தோடு, கையை முதுகிலிருந்து எடுக்காமல், அவன் அம்மணியின் காலைப் பார்த்தபடி நின்றான்.